காவற் பறவைகள்

அஸ்தம்பட்டியினின்று சேர்வராயன் மலையை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலுமுள்ள சிற்றூர்களில் கோழி வளர்ப்போருக்குப் பகைவர் பலர். பகலிற் பருந்தும் வல்லூறும் காகமும் குஞ்சுகளைக் கவர்கின்றன. கீரி புதர் மறைவினின்று பாய்கின்றது. இரவிற் காட்டுப்பூனையும் மரநாயும் வருகின்றன. நாமக்கல் பக்கத்துப் பெரும் பண்ணைகளில் கம்பிக் கூண்டினுள் வாழும் கோழிகளுக்கு இவ்வச்சம் பெரிதன்று. பஞ்சாரத்தைத் திறந்து புறக்கடையில் மேயவிடும் ஏழைக் குடும்பத்தாருக்கோ, பத்துக் குஞ்சுகளில் ஆறு போய்விடின், பிள்ளையின் புத்தகத்துக்கென எண்ணியிருந்த பணமும் உடன் போய்விடுகின்றது.

வான்கோழி, கூஸ் வாத்து, கினிக்கோழி முதலியவற்றைக் கோழிகளோடு சேர்த்து வளர்த்தால் இவ்வல்லல் தீரும் என்பார் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்று ஆராய்தல் நம் கடன்.

கூஸ் வாத்தின் விழிப்பு உலகறிந்தது. கி.மு. 390-ஆம் ஆண்டையொட்டிப் பகைவர் இரவில் ரோமாபுரியின் குன்றில் ஏறியபோது, கோயில் வாத்துக்களின் கூச்சலே வீரரை எழுப்பிற்று என்பது ரோமர் கூறும் வரலாறு. ஸ்காட்லாந்து தேசத்து டம்பார்ட்டனில் ஒரு மதுக்கிடங்கை 1959 முதல் 2012 வரை வாத்துக் கூட்டமொன்று காத்து நின்றது. கினிக்கோழியும் பாம்பையோ அயலாரையோ கண்டால் ஊர் கேட்கக் கத்தும். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ரோமாபுரியில் வாத்துக் கத்திற்று, வாளெடுத்தவன் மனிதனே. காகத்தையும் பருந்தையும் வளர்ந்த வாத்து சிறகடித்துத் துரத்தக்கூடும்; இரவில் வரும் நாய்க்கூட்டத்துக்கோ அதுவே இரையாகும்.

வான்கோழியைப் பற்றி மேலும் எச்சரிக்கை வேண்டும். கோழிகளின் குடற்புழு முட்டைகளின் வழியே பரவும் கருந்தலை நோய் கோழியை அதிகம் வருத்தாது, வான்கோழியையோ மாய்த்துவிடும். காவலுக்கென வாங்கிய பறவையை நோய்க்குப் பலியிடுவது விவேகமாகாது.

ஆகவே நம் கருத்து இது. இடவசதியுள்ளோர் ஒன்றிரண்டு கூஸ் வாத்துக்களைப் பகற்காவலுக்கு வைக்கலாம். பொரித்த முதற்பொழுதிற் காண்பதைப் பின்பற்றுவது வாத்துக் குஞ்சின் இயல்பென்பதைக் கொன்ராட் லோரன்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். அவர் 1973-இல் நோபெல் பரிசும் பெற்றார். எனவே அடைக்கோழியின்கீழ் பொரிக்கும் வாத்து, கோழிகளையே தன் சுற்றமாகக் கொள்ளும். கோழிமுட்டைக்கு 21 நாள் போதும். வாத்து முட்டைக்கு ஏறத்தாழ 30 நாள் வேண்டும். ஆதலின் இரண்டையும் ஒரே அடையில் ஒரே நாளில் வைத்தலாகாது. இரவிலோ, கீரியும் நுழையவியலாத நெருக்கமான கம்பிவலையும் தாழிட்ட கதவுமே காவல்.

கண்ணியும் நஞ்சும் வைப்பாரும் உளர். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்கு விரோதம்; அன்றியும், எலியையும் பாம்பையும் கொன்று உழவனுக்கு உதவும் கீரியை மாய்ப்பது நன்றி மறத்தலேயாம். அந்நஞ்சு வீட்டு நாயையும் கொல்லும். வாத்தின் கூச்சலோ எவ்வுயிரையும் கொல்வதில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்காள்! உங்கள் வீட்டுப் புறக்கடையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வாத்து வாங்குமுன் கதவின் தாழைச் செப்பனிடுங்கள். அதன் பின்னரே காவற்பறவை பயன் தரும்.