மலைச்சரிவுக்கும் அதே கட்டடக் கோடா?

கண்டியில் வீடமைப்புத் திட்டமொன்றுக்குத் தெருமுகப்பு விதியில் தளர்வு கேட்டால், 'சட்டத்தை வளைக்கிறார்கள்' என்ற சந்தேகமே முதலில் எழுகிறது. பல வேளைகளில் அது நியாயமானதும்கூட. ஆனால், மலைச்சரிவில் கணக்கு வேறு என்பதே என் நிலைப்பாடு.

வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதைக் கட்டடக் கோடு சொல்கிறது. இதன் வேர் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வரை செல்கிறது. சமதரையில் இதனால் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். வீதிக்கு மேலே உயரும் காணியிலோ, முன்னால் விடும் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் மலையை வெட்ட வேண்டும். வெட்டு உயர உயர, தாங்குசுவர்ச் செலவும் மண்சரிவு அபாயமும் கூடும். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, கண்டியில் இதை விளக்கத் தேவையில்லை.

சரிவைப் பார்ப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கோட்டைப் பார்ப்பது நகர அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றமும். முன்னையதன் பரிந்துரையே பின்னையதன் தளர்வுக்கு அடிப்படையாக வேண்டும்.

எல்லைகளும் அவசியம். 1988இல் உலக மரபுரிமையான புனித நகரின் தலதா வீதி போன்ற தெருக்களில் முகப்பே மரபு. அங்கே தளர்வு கூடாது. மற்ற இடங்களில் தளர்வுக்கான காரணம் எழுத்தில் பகிரங்கமாக வேண்டும். இல்லாவிட்டால், கட்டடக் கலைஞரை அமர்த்தக்கூடிய நிறுவனத்துக்குச் சலுகை கிடைக்கும். 7 பேர்ச் காணியில் வீடு கட்டும் தோட்டக் குடும்பத்துக்கு விதி மட்டுமே மிஞ்சும்.