ஊக்கமருந்தும் பொலிஸ் நிலையமும்

தோள்பட்டை உபாதைக்காக உட்கொண்ட மூலிகை மருந்தினால், 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது ஸ்டீரொய்ட் பரிசோதனையில் சிக்கினார் உபுல் தரங்க. உள்நோக்கம் இல்லையென ஏற்றுக்கொள்ளப்பட்டும் மூன்று மாதத் தடை தப்பவில்லை. 2013இல் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான தனிச்சட்டமும் வந்தது.

தரங்கவுக்காக வாதாட ஆளிருந்தது. கொட்டகலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் தமிழ் பேசும் இளைஞனின் நிலை வேறு. வைத்தியரின் சீட்டின்றி வாங்கிய மாத்திரைகள் பையில் அகப்பட்டால், அவை எவையென விளக்கவே அவன் திணறுவான். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையின் பரவலான கைதுகளை ஐ.நா. மனித உரிமை அலுவலகமே விமர்சித்தமை நினைவிருக்கலாம்.

கைதுக்கான காரணத்தை அறிவித்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை. சாதாரண சட்டத்தின்கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்தவும் வேண்டும். ஆயினும் மலையகத்தில் பெரும் இடர் மொழியே. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், என்ன இருக்கிறதென்று அறியாமலே கையொப்பமிடுவோர் இன்னும் உளர். தமிழும் அரச கரும மொழி. தமிழில் பதியுமாறு கேட்பதும், விளங்காததில் கையொப்பமிட மறுப்பதும் குற்றமன்று.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது.