தேர்தல் விதி ஆளுங்கட்சியின் சொத்தல்ல

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2024 அக்டோபரில் ஆட்சி மாறியது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட தொழிற்கட்சி தோற்றது, லிபரல் தேசியக் கட்சி பொறுப்பேற்றது. தோற்றவர்கள் ஒதுங்கினார்கள், வென்றவர்கள் கோட்டைக்குள் போனார்கள். அங்கே இன்று முதல்முறையாக வாக்களிக்கும் இளைஞருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் அதே மாநிலத்தில் 1932க்கும் 1989க்கும் இடைப்பட்ட 57 ஆண்டுகளில் ஆட்சி கைமாறியது ஒரே ஒரு முறைதான், 1957இல். முதல் 25 ஆண்டுகள் தொழிற்கட்சி. அடுத்த 32 ஆண்டுகள் கன்ட்ரி கட்சி என்ற பெயரில் தொடங்கிப் பிறகு தேசியக் கட்சியாக மாறிய நாட்டுப்புறக் கட்சி. பெரும்பகுதி காலம் லிபரல்களைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டும், 1983க்குப் பிறகு தனித்தும் அது ஆண்டது.

அந்த 32 ஆண்டு ஆட்சி 1989 டிசம்பர் 2ஆம் தேதி முடிந்தது. 89 இடங்களில் 54ஐ வென்று, 38 வயது வழக்கறிஞர் வெய்ன் காஸ் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஊழலை மக்கள் தூக்கியெறிந்த நாள் என்றே அதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஊழலுக்கு எதிராக மக்கள் வாக்களித்தார்கள் என்பதைவிட, அப்படி வாக்களிக்க அவர்களுக்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதே முக்கியமான கேள்வி. அதற்கான விடையைக் குயின்ஸ்லாந்தின் இரு பெரிய கட்சிகளும் மீண்டும் மறக்கத் தொடங்கியிருப்பதால்தான் இந்தப் பழைய தேர்தலைப் பற்றி இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 1972 தேர்தலில் கன்ட்ரி கட்சி பெற்றது ஐந்தில் ஒரு பங்கு வாக்கு. தொழிற்கட்சி பெற்றது ஏறத்தாழ 47 சதவீதம். ஆனாலும் முதல்வர் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்தவர் கன்ட்ரி கட்சியின் ஜோ பியெல்கே-பீட்டர்சன். 1986இல் அவருடைய கட்சி 39.6 சதவீத வாக்குக்கு 49 இடங்களை அள்ளியது, அதைவிட அதிகமாக 41 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 30 இடம். மாநிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தொகுதிக்கு எத்தனை வாக்காளர் என்பதை வெவ்வேறாக வைத்திருந்தார்கள். மேற்கத்திய, தூர வடக்குத் தொகுதி ஒன்றில் இருந்த வாக்காளர்கள் பிரிஸ்பேன் பகுதித் தொகுதியில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிதான். அதாவது நகரத்துத் தொழிலாளி ஒருவரின் வாக்குக்கு, மேய்ச்சல் நிலத்து வாக்கில் பாதி எடை.

இந்த மண்டல முறையைக் கண்டுபிடித்தது நாட்டுப்புறக் கட்சி அல்ல. 1949இல் தொழிற்கட்சியின் ஹேன்லன் அரசுதான் அதைச் சட்டமாக்கியது. அப்போது மேற்கே இருந்த சுரங்கத் தொழிலாளர்களும் கம்பளிக் கத்தரிப்பாளர்களும் அந்தக் கட்சியின் ஆட்கள். 1950 தேர்தலில் எதிரணியைவிடக் குறைந்த வாக்கு பெற்றும் தொழிற்கட்சி ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. 1957இல் அது பிளந்து வீழ்ந்தபோது, தான் செய்த கருவியை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு முன்பே, 1922இல், மேலவையையும் அதே கட்சி ஒழித்திருந்தது. ஆகவே 1957க்குப் பிறகு வந்தவர்களைத் தட்டிக்கேட்க இரண்டாவது அவை இல்லை. நியாயமான தொகுதி வரையறையும் இல்லை.

தட்டிக்கேட்க ஆள் இல்லாத ஆட்சி எப்படி நடந்துகொள்ளும் என்பதை பிரிஸ்பேன்வாசிகள் கண்ணால் கண்டார்கள். சட்டமன்றக் கட்டடத்தின் அருகில் இருந்தது பெல்வியூ ஹோட்டல். நகரத்தின் பழம்பெருமைகளில் ஒன்று, அதைக் காக்கவேண்டும் என்று மக்கள் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். 1979 ஏப்ரலில் ஓர் இரவு, போலீஸ் காவல் நிற்க, இடிப்பு இயந்திரங்கள் வந்து அதைத் தரைமட்டமாக்கின. அதற்கு முன் 1977இல் தெரு ஊர்வலங்களுக்கு அனுமதி கிடையாது என்று முதல்வர் அறிவித்தார். அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவே வேண்டாம் என்றார். அந்த அக்டோபரில் தடையை மீறி நடந்த ஒரே ஊர்வலத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1985இல் வேலைநிறுத்தம் செய்த மின்வாரியத் தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேரை ஒட்டுமொத்தமாக வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பியெல்கே-பீட்டர்சனுக்கு ஆதரவே இல்லை என்று சொல்வது நேர்மையல்ல. சொத்துக்கான மரண வரியை ஆஸ்திரேலியாவில் முதலில் ஒழித்தது அவர் அரசு. தெற்கு மாநிலங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறினார்கள். நிலக்கரியும் சுற்றுலாவும் மாநிலத்தின் முகத்தை மாற்றின. கிங்கராய் ஊரின் நிலக்கடலை விவசாயியான அவரைத் தங்களில் ஒருவராகவே பல ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். மனமார வாக்களித்தவர்களும் ஏராளம். ஆனால் அந்த ஆதரவு பெரும்பான்மை ஆதரவாக இருந்திருந்தால், நியாயமான தொகுதிகளில் நின்று அதைக் காட்டியிருக்கலாம். அதற்கு அவர்கள் ஒருமுறைகூடத் துணியவில்லை.

1983இல் நடந்தது இன்னும் தெளிவு. அரசின் செலவுகளைச் சட்டமன்றமே ஆராய ஒரு பொதுக் கணக்குக் குழு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. மற்ற சட்டமன்றங்களில் சர்வசாதாரணமான குழு அது. லிபரல் அமைச்சர் டெர்ரி வைட் அதற்கு ஆதரவாக வாக்களித்தார், கூட்டணியே உடைந்தது. கணக்கைக் காட்டுவதைவிடக் கூட்டாளியை இழப்பது மேல் என்று முடிவுசெய்தது தேசியக் கட்சி. அடுத்து வந்த தேர்தலில் அதற்குத் தனிப் பெரும்பான்மைக்கு ஓரிடம் குறைந்தது. டான் லேன், பிரையன் ஆஸ்டின் என்ற இரு லிபரல்கள் கட்சி மாறி வந்து அமைச்சர்களானார்கள். பிற்காலத்தில் அமைச்சர்களுக்கான செலவுப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகச் சிறை சென்ற நான்கு பேரில் இந்த இருவரும் உண்டு.

இப்படி இறுகக் கட்டிய ஆட்சி வாக்குச்சாவடியிலிருந்து தானாக அவிழவில்லை. முதல் முடிச்சை அவிழ்த்தவர்கள் செய்தியாளர்கள். கூரியர்-மெயில் நாளிதழின் ஃபில் டிக்கி, பிரிஸ்பேனில் இயங்கிய விபச்சார விடுதிகளும் சூதாட்ட விடுதிகளும் யாருடையவை என்று நிலப் பதிவுகளையும் நிறுவனப் பதிவுகளையும் புரட்டிக் கண்டுபிடித்து 1987 தொடக்கத்திலிருந்து எழுதினார். அப்படிப்பட்ட சூதாட்ட விடுதிகளே இல்லை என்று பொறுப்பில் இருந்தவர்கள் சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. மே 11ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியில் கிறிஸ் மாஸ்டர்ஸ் அதே உலகத்தைப் படம்பிடித்துக் காட்டினார். மறுநாளே விசாரணை அறிவிப்பு வந்தது. முதல்வர் வெளியே போயிருந்தார். பொறுப்பு முதல்வராகவும் போலீஸ் அமைச்சராகவும் இருந்த பில் கன்தான் அறிவித்தார்.

சில வாரங்களில் முடிந்துவிடும் என்று எல்லோரும் எண்ணிய அந்த விசாரணை இரண்டு ஆண்டுகள் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய டோனி ஃபிட்ஸ்ஜெரால்ட் அதன் வரம்பை விரிவாக்கிக்கொண்டே போனார், மக்கள் முன்னிலையில் 339 சாட்சிகளை விசாரித்தார். உண்மையைச் சொல்லும் போலீஸ்காரர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு கிடைத்தது. முதலில் ஒரு சார்ஜென்ட் வாய் திறந்தார், பிறகு உதவி ஆணையர் ஒருவரே ஒப்புக்கொண்டார். லஞ்சப் பணம் போலீஸ் ஆணையர் டெர்ரி லூயிஸ் வரை போனது வெளிச்சத்துக்கு வந்தது. விசாரணைக்கு முந்தைய ஆண்டுதான் சர் பட்டம் பெற்றிருந்த லூயிஸ், 1991இல் 14 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார், பட்டமும் பறிபோனது.

அந்த விசாரணையில் ஒரு காட்சியை மட்டும் சொல்லியாக வேண்டும். 1988 இறுதி. பதவி இழந்து ஓராண்டு ஆன பியெல்கே-பீட்டர்சன் சாட்சிக் கூண்டில். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டைப் பற்றி என்ன புரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று வழக்கறிஞர் கேட்கிறார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள், சரியா தவறா என்று நான் சொல்கிறேன் என்கிற பாணியில் கேள்வியைத் திருப்பிவிடுகிறார். 19 ஆண்டுகள் ஒரு மாநிலத்தை ஆண்டவர் அவர்.

1989 ஜூலை 3ஆம் தேதி வந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் அறிக்கை போலீசாரோடு நின்றிருந்தால் அதன் மதிப்பு பாதியாகியிருக்கும். தேர்தல் முறை நியாயமாக இல்லாத இடத்தில் ஆட்சியாளர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஊழல் அதில்தான் செழிக்கிறது என்பதை அது புரிந்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டு சுதந்திர ஆணையங்களைப் பரிந்துரைத்தது: குற்றங்களையும் அரசு ஊழியர் முறைகேட்டையும் விசாரிக்க ஒன்று, தேர்தல் சட்டத்தையும் நிர்வாகத்தையும் சீராய்வு செய்ய மற்றொன்று. இவற்றுக்கான சட்டங்கள் தேசியக் கட்சி ஆட்சியிலேயே, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன் நிறைவேறின. அறிக்கையை அப்படியே முழுமையாக ஏற்பேன் என்று வாக்களித்து, பின்னர் பதவியை இழந்த முதல்வர் மைக் அஹெர்னுக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டு. அதைத் தொழிற்கட்சிக்கு மட்டும் எழுதிவைப்பது சரியல்ல.

ஒரு மறுப்பு எழும். 1989இல் தொழிற்கட்சி வென்றது அதே பழைய தொகுதிகளில்தானே, அப்படியானால் எல்லைக்கோடு அவ்வளவு பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான். அந்தச் சுவரைத் தாண்ட, இரண்டாண்டு விசாரணையும், சிறைக்குப் போகவிருந்த அமைச்சர்களும், மூன்று ஆண்டுக்குள் மூன்று முதல்வர்களும், ஆளுங்கட்சியின் வாக்கு 24 சதவீதமாகச் சரிவதும் தேவைப்பட்டன. ஒரு மோசமான ஆட்சியை மாற்ற மக்களிடம் இவ்வளவு விலை கேட்கக் கூடாது.

வென்ற பிறகு காஸ் அரசு செய்ததுதான் 1989இன் உண்மையான சாதனை என்று நாம் கருதுகிறோம். பழைய வரைபடத்தில் 54 இடம் கிடைத்தவர்களுக்கு அதை மாற்ற அவசரம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சீராய்வு ஆணையம் சொன்னபடி மண்டலங்கள் ஒழிந்தன. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஐந்து பெரிய தொகுதிகளுக்கு மட்டும், பரப்பைக் கணக்கிட்டு ஒரு சிறு சலுகை வெளிப்படையான சூத்திரமாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. தூரத்தால் வரும் சிரமத்தை ஏற்கும் நேர்மையான வழி அது. தொகுதிகளைப் பிரிக்கும் வேலை தன்னாட்சி ஆணையத்திடம் போனது. 1992இல் அமைதியாகக் கூடும் உரிமையும், தகவல் அறியும் உரிமையும் சட்டங்களாயின.

அதன் பலன் காஸ் அரசின் மீதே பாய்ந்தது. 1995 தேர்தலில் ஒற்றை இடப் பெரும்பான்மையில் தப்பிப் பிழைத்தது தொழிற்கட்சி. மாநிலம் முழுதும் எண்ணினால் எதிரணியைவிடக் குறைந்த வாக்குதான் அதற்கு. எல்லாத் தொகுதியும் ஏறத்தாழச் சம எடை பெற்றாலும் இப்படி நேரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. மண்டிங்பர்ரா தொகுதியை அக்கட்சி வென்றது 16 வாக்கு வித்தியாசத்தில். ருவாண்டாவில் பணியில் இருந்த ஆஸ்திரேலிய வீரர்கள் 22 பேரின் வாக்கு எண்ணப்படாமல் போனது தெரியவந்தது. நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது, 1996 பிப்ரவரியில் தொழிற்கட்சி அங்கே தோற்றது, ஆட்சியும் போனது. 22 பேரின் வாக்குக்கு ஓர் அரசையே அசைக்கும் மதிப்பு வந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நமக்குக் கவலை தருகின்றன. சீராய்வு ஆணையம் 1993இலேயே மூடப்பட்டது. 2012இல் 89 இடங்களில் 78ஐ வென்ற கேம்பெல் நியூமனின் லிபரல் தேசியக் கட்சி அரசு, 2013 நவம்பரில் குற்ற விசாரணை ஆணையத்தைக் கண்காணிக்கும் சட்டமன்றக் குழுவையே பெரும்பான்மை பலத்தால் கலைத்தது. 2015இல் வாக்காளர்கள் அவரையும், அவர் தொகுதியிலேயே, தோற்கடித்தார்கள். அடுத்து வந்தது தொழிற்கட்சி. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போடும் ஆஸ்திரேலிய முறையில், எல்லோருக்கும் எண் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது 1992 சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. 2016 ஏப்ரலில் அனஸ்டாசியா பலாஷே அரசு வெறும் 18 நிமிட முன்னறிவிப்பில் அதை மாற்றி, எல்லோருக்கும் எண் போடுவதைக் கட்டாயமாக்கியது. கட்டாயமா விருப்பமா என்பதில் இரு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் விசாரணை இல்லை, பொதுமக்கள் கருத்து இல்லை, ஆணையத்தின் அறிக்கையும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் சட்டமன்றத்தின் ஆயுளை நான்கு ஆண்டாக நிலைப்படுத்தலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்களைக் கேட்டிருந்தார்கள். ஆயுளுக்கு மக்களைக் கேட்டவர்கள் வாக்குச்சீட்டுக்குக் கேட்கவில்லை.

தொகுதி எல்லை இன்னும் தன்னாட்சி ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது. மீதி விதிகள் எல்லாம், மேலவை இல்லாத ஒற்றைச் சபையில், ஆளுங்கட்சியின் ஒரு மாலை வேலையாகச் சுருங்கிவிட்டன. தேர்தல் சட்டத்தில் எந்தத் திருத்தமும், சுதந்திரச் சீராய்வு அமைப்பு ஒன்றின் பகிரங்க விசாரணையும் அறிக்கையும் இன்றிச் சபைக்கு வரக்கூடாது என்ற விதி வேண்டும். அந்த விதியை நீக்குவதானால் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற பூட்டும் வேண்டும். முதல்வர் டேவிட் கிரிசாஃபுல்லியிடம் இதற்கான பெரும்பான்மை இருக்கிறது. அவர் மசோதாவைக் கொண்டுவர வேண்டும். 1949இல் மண்டலங்களை வகுத்ததும் 2016இல் 18 நிமிடத்தில் விதியை மாற்றியதும் தொழிற்கட்சிதான் என்பதால், அதற்கு முதலில் கைதூக்க வேண்டியதும் தொழிற்கட்சியே.