சாயத் தொட்டிக்கு ஒரு மூடி

சாயப்பட்டறையில் விறகடுப்பை நீக்கி எரிவாயு அடுப்பு வைத்தும் செலவு குறையக் காணோம் என்ற முறையீடு நெசவாளர் சங்கங்களில் எழுகிறது. புதிய கொதிகலம் வாங்கக் கடன் பெறலாம் என்று நிர்வாகிகள் சிலர் கூறுகின்றனர். கடனுக்கு மனுச் செய்யுமுன் பழைய தொட்டிக்கு ஒரு மூடி செய்து பார்க்கலாகாதா என்பதே எமது கேள்வி.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்ற 60 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே லிட்டர் ஆவியாகிப் போனாலோ, சுமார் 540 கிலோ கலோரி அதனுடன் போய்விடுகிறது. ஒன்பது லிட்டரைச் சூடாக்கிய வெப்பம் அது! பட்டு நூல் தோய்க்கும் திறந்த தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 20 லிட்டர் ஆவியானால், ஏறக்குறைய ஒரு கிலோ எரிவாயுவின் வெப்பம் கூரை வழியே வெளியேறுகிறது. அடுப்பில் பாதி வெப்பம் வீணாகுமிடத்தில் இதுவே இரண்டு கிலோவாகும்.

இங்கிலாந்தில் வீடுகளுக்கு வெப்பமூட்டப் புதிதாக வைக்கும் எரிவாயுக் கொதிகலங்கள், எரிந்த புகையிலுள்ள நீராவியையும் குளிரச் செய்து அதன் வெப்பத்தை மீட்பனவாக இருத்தல் வேண்டுமென 2005இல் விதி செய்தனர். அவர்கள் புகைக்குழாயில் தேடிப் பிடிப்பதை நாம் தொட்டியின் வாயிலேயே விட்டுவிடுகிறோம். மஞ்சள் வேகவைக்கும் நம் விவசாயிகளுக்கு இது தெரியாததன்று. கொப்பரையை இலையாலோ சாக்காலோ மூடித்தானே வேகவைக்கின்றனர்!

மூடியைப் போட்டுவிட்டு நூலைப் புரட்டுவது எங்ஙனம் என்று சாயத் தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்விதான். சூடேறும்வரை முழுதும் மூடலாம். பிறகு இரண்டு பாதியாகச் செய்த மூடியில் ஒரு பாதியை மட்டும் திறந்து, கழிகளைப் பகுதி பகுதியாகப் புரட்டலாம். அவர் முகத்தில் அடிக்கும் ஆவியும் குறையும். அதையும் ஒரு லாபமாகவே நாம் கருதுகிறோம்.

பருத்திச் சாயங்களில் பல 60 அல்லது 80 டிகிரியிலேயே நூலில் ஏறுவன. சிலவற்றிற்குச் சூடே மிகுதியாக வேண்டியதில்லை. ஆயினும், கொப்பளித்தால்தான் சாயம் பிடிக்கும் என்ற பழக்கம் போகவில்லை. வெப்பமானி இருக்கும் பட்டறையிலும் அதைப் பார்ப்பாரில்லை. சுடர் மஞ்சளாக எரிந்து தொட்டியின் அடியில் கரி படிவதும், உப்பு நீரால் உட்புறம் படலம் தடிப்பதும் வெப்பத்தைத் தடுப்பவையே. தொட்டியைச் சுற்றிச் செங்கற்சுவர் எழுப்பி, இடைவெளியில் உமிச்சாம்பல் நிரப்பினால் பக்கவாட்டில் வெப்பம் கசியாது. அரிசி ஆலைகளில் அது மலிவாகவே கிடைக்கும்.

கடனுக்கு வட்டி உண்டு. அது சாயக் கூலியில் ஏறி, முடிவில் நெசவாளியின் கூலியைத்தான் தொடும். ஆகவே ஒரு மாதம் திறந்த தொட்டியோடும், மறு மாதம் மூடியோடும் வேலை நடக்கட்டும். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சிலிண்டரை நிறுத்து, தோய்த்த நூலின் எடையோடு ஏட்டில் குறித்து வைக்கட்டும். கடன் தீர்மானம் மகாசபைக்கு வரும் அன்று, அந்த ஏட்டை மேசைமேல் வைக்குமாறு அங்கத்தினர்கள் கேட்டல் வேண்டும்.