முதலில் எண்ணப்பட வேண்டியவர் ஆசிரியர்: நடத்தைப் பகுப்பாய்வில் அறியாப் பாரபட்சம் குறித்த எங்கள் நிலைப்பாடு

கொடைக்கானல் மலையிலுள்ள நாயுடுபுரத்தில் இருந்துகொண்டு, ஆட்டிசமும் பிற வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ள மலைக் குழந்தைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர்களும் சிகிச்சையாளர்களும் பெற்றோரும் சேர்ந்த குழு நாங்கள். பெற்றோர் ‘ஏபிஏ தெரபி’ என்று சொல்லும் நடத்தைப் பகுப்பாய்வைப் பயன்படுத்துகிறோம், இனியும் பயன்படுத்துவோம். ஆனால் அதைச் செய்பவருக்கே தெரியாமல் அவருடைய பாரபட்சம் குழந்தையின் கோப்புக்குள் ஏறிவிடுகிறது. இதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது, வேலைமுறையிலேயே தடுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுகிறோம் என்பது இந்தத் துறையின் பெருமை. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு எண்ணுகிறோம். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எதை எண்ணுவது, எதைப் பிரச்சினை என்பது என்று தீர்மானிக்கிற இடத்தில் நாம் வளர்ந்த வீடும் சாதியும் பள்ளிக்கூடமும் புகுந்துவிடுகின்றன.

எங்கள் மலைப் பழங்குடியினரான பளியரின் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 1960-களில் பளியரிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர், ஒருவர் மீது ஒருவர் அதிகாரம் செலுத்தாததையும், சச்சரவு வந்தால் மோதாமல் விலகிப் போவதையும், குறைவாகப் பேசுவதையும் அவர்கள் வாழ்வின் இயல்பாக எழுதினார். (வெளியாள் முன்னால் பேசாதவர்களை எப்போதுமே பேசாதவர்கள் என்று எண்ணிவிட்டாரோ என்ற சந்தேகமும் எங்களுக்கு உண்டு, பார்ப்பவரின் சாய்வு ஆய்வாளரையும் விடாது.) அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, ஆசிரியர் குரல் உயர்ந்ததும் எழுந்து வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் அது ‘தப்பித்தல் நடத்தை’. அதைக் குறைப்பது இலக்காகும்; குறைந்தால் பரிசு. வீடு நல்ல குணம் என்று கற்றுக்கொடுத்ததை நாம் மிட்டாய் கொடுத்து மறக்கடிக்கிறோம். குரல் ஏன் உயர்ந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

கண் பார்த்துப் பேசுவதும் இப்படித்தான். செகந்திராபாத்தில், அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் உருவான இந்திய ஆட்டிச அளவுகோலின் 40 கேள்விகளில் முதலாவதே அதைப் பற்றியது. மற்ற அறிகுறிகளோடு சேர்த்து மதிப்பிடுவதற்கு அது உதவும். ஆனால் பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளைக்கு, ‘என்னைப் பார்’ என்பதையே தனிப் பயிற்சியாக வைக்க மாட்டோம். கையால் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்குக் கரண்டியும் இலக்காகாது.

சாதியைப் பற்றி நேராகவே பேசுவோம். ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதித் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதியின் பெயர் இருந்த தாளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. அந்தக் குறைவு முக்கியமாகத் தெரிந்தது அதே நிலையில் வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த திருத்துநர்களிடம். ‘நானும் அந்தப் பக்கத்து ஆள்தானே, எனக்கு எப்படிப் பாரபட்சம் வரும்?’ என்ற கேள்வி இதற்குமுன் நிற்காது. எங்களிடம் மதிப்பீடு செய்பவர் கைக்குப் போகும் கோப்பில் சாதியும் குடியிருப்பின் பெயரும் இருக்காது. சாதிச் சான்றிதழ்கள் தனியே இருக்கும்.

நம்பகத்தன்மைக்காக இரண்டு பேர் தனித்தனியே பார்த்து எழுதுவதும், குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பதும் துறையின் வழக்கம். ஒரே பாரபட்சம் கொண்ட இருவர் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவார்கள்! ஆகவே இரண்டாவது பார்வையாளர் குழந்தையின் ஊரையோ சமூகத்தையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ‘அடங்காதவன்’, ‘ஒத்துழைக்கவில்லை’ போன்ற சொற்களுக்குக் கோப்பில் இடமில்லை. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ஆசிரியரையும் எண்ணுவோம். எந்தப் பிள்ளைக்கு எத்தனை பாராட்டு, எத்தனை அதட்டல் என்ற கணக்கு பெற்றோர் கூட்டத்தில் வைக்கப்படும்.

ஒருநாள் விழிப்புணர்வுப் பயிற்சியை நாங்கள் தீர்வாக ஏற்கவில்லை. அறியாப் பாரபட்சம் என்ற கருத்தை 1995-ல் முன்வைத்த இருவரில் ஒருவரான மஹ்சரின் பனாஜி, அதே செகந்திராபாத்தில் பிறந்தவர். அந்தப் பாரபட்சத்தை அளக்க அவரும் சகாக்களும் உருவாக்கிய சோதனை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் மதிப்பெண் மாறுவதால் மட்டும் நடத்தை மாறிவிடுவதில்லை என்று 2019-ல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு காட்டியது.

இதையெல்லாம் நாங்களாகவே செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலுள்ள நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் 2022 நெறிமுறை, தன் பாரபட்சத்தை அறிந்திருப்பதைப் பகுப்பாய்வாளரின் கடமையாக்குகிறது. ஆனால் 2023 முதல் அந்த வாரியம் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவுப் பிரிவுகளில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பிரிவே கிடையாது. கழகம் அப்படியொரு பிரிவை உருவாக்க வேண்டும். முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அறியாப் பாரபட்சம் என்ற பொருளைத் தன் பயிற்சிகளில் சேர்க்க வேண்டும் என்று கோருகிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியிருப்பது உங்களுக்குச் சரியென்று படாவிட்டால், அதன் கீழேயே உங்கள் கருத்தை எழுதச் சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்; அதுவும் கோப்பின் பகுதியாகவே இருக்கும்.