தள்ளுபடி!

காமர்ஸ் படித்தவனுக்குத் 'தள்ளுபடி' என்றால் டிஸ்கவுண்ட். நிலக்கோட்டைப் பக்கம் என் தாய்மாமா ஊரில் அதற்கு வேறு அர்த்தம். விடியற்காலை நாலு மணிக்கு அவருடைய பழைய டீசல் பிக்கப்பைத் தள்ள நாலு பேர் வருவார்கள். தள்ளி முடித்ததும் ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை. தள்ளுகிறவர்களுக்குத் தருகிற படி... அதனால் தள்ளுபடி!

சிரிக்காதீங்க சார், விஷயம் சீரியஸ். மாமா ஏற்றுவது மல்லிகை. இருட்டோடு பறித்த மொட்டு, வெயில் ஏறுவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும். மொட்டாக இருக்கிற வரைக்கும்தான் அதற்கு மரியாதை. மார்கழி வந்தால் பனியில் வரத்து குறைந்து, விலை எகிறி நிற்கும். மாமாவின் வண்டிக்கும் அதே பனிதான் ஆகாது. நாலு காசு பார்க்கிற மாதத்தில்தான் மக்கர்!

பட்டறையில் காட்டினார். "பம்ப் போச்சுண்ணே. கழட்டி வேலை பார்த்து மாட்ட 22,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா அத்தையின் கழுத்துச் செயினைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, ஊருக்கு வந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

"பி.காம். படிச்ச மாப்ளைக்கு டீசல் எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மாமா.

"மாமா, டிரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா, இடிக்கிற தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'ல போட்டுட்டு, தப்பு எங்கேன்னு தேடுவோம். உங்க 22,000 இப்போதைக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். முதல்ல தேடுவோம், அப்புறம் செயினைக் கழட்டுவோம்."

டீசல் எஞ்சின் ஒரு விஷயத்தில் ரொம்ப எளிமையானது. பெட்ரோல் எஞ்சினில் தீக்குச்சி கிழிக்க ஸ்பார்க் பிளக் உண்டு. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே வேறு. காற்றை அமுக்கு, அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சு, தானே பற்றிக்கொள்ளும். பழைய பிக்கப்களில் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவார்கள். சூடு 500 டிகிரியைத் தாண்டும். ஆக, ஸ்டார்ட் ஆக மூன்றே விஷயம் வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றணும், உள்ளே சூடு வேணும், டீசல் வந்து சேரணும். மூன்றில் எது 'ஆப்சென்ட்' என்று கண்டுபிடிக்காமல் பம்ப்பைக் கழட்டுவது, வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே மானேஜரை டிஸ்மிஸ் பண்ணுகிற மாதிரி!

முதலில் பேட்டரி. மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.5. (இது 9.5-க்குக் கீழே போனால் பேட்டரி நோஞ்சான், அல்லது எர்த் கேபிளில் துரு.) சுற்றுகிற வேகமும் நன்றாகவே இருந்தது. சுற்றல் பிரசென்ட்.

இரண்டாவது புகை. மாமா செல்ஃப் அடிக்க, நான் டார்ச்சோடு சைலன்சர் பின்னால் உட்கார்ந்தேன். இங்கேதான் வண்டி வாக்குமூலம் கொடுக்கும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழட்டி, மீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் சுமாருக்குக் காட்டும். எரிந்துபோன பிளக்கில் இணைப்பே காட்டாது. ஹீட்டர் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை என்றால் கம்ப்ரஷன், டைமிங் வரை போகணும். அது பட்டறை வேலை.

மாமா வண்டியில் புகையே இல்லை. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை! அப்படியென்றால் டீசலே வந்து சேரவில்லை. ஆப்சென்ட் ஆனவர் யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் வரவில்லை?

மூன்றாவது சோதனைக்கு மீட்டர் வேண்டாம், வாய் போதும். "மாமா, என்னைக்காவது தள்ளாம ஸ்டார்ட் ஆகியிருக்கா?"

"ஆகுமே! வாசல் மேட்டுல ஏத்தி நிறுத்துனாத்தான் இந்தச் சனியன். பிள்ளையார் கோயில் சரிவுல மூஞ்சி கீழ பாக்க நிறுத்துற அன்னைக்கு ஒரே செல்ஃப்தான். எல்லாம் பிள்ளையார் சக்தி மாப்ளே!"

பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர் கொடுத்தது துப்பு! மூஞ்சி கீழே இருந்தால் டேங்க் மேலே; டீசல் எஞ்சின் பக்கமே நிற்கும். மூஞ்சி மேலே இருந்தால், ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி ஓடிவிடும். லைனில் எங்கேயோ ஏர் புகுந்தால்தான் அப்படி ஓடும்.

"ஒரு சொட்டு கீழ ஒழுகலியே?" என்றார் மாமா.

"ஒழுகாது மாமா. டேங்குல இருந்து உறிஞ்சுற பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளியே வராது, காத்து உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவுல இளநீர் குடிச்சுப் பாருங்க!"

மறுநாள் நாலு மணி. வண்டி மேட்டில், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. செல்ஃப் அடிப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஃபீட் பம்ப் பக்கத்தில் உள்ள கைப் பம்ப்பை இருபது தடவை அடித்தேன். ஓடிப்போன டீசலைத் திரும்பக் கூப்பிடுகிற வேலை. மாமா சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃப்! 22,000 ரூபாய் பம்ப் நிரபராதி.

லோடு இறக்கிவிட்டு வந்ததும் வேட்டை. ஃபில்டருக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி டியூப் மாட்டினால், உள்ளே சோடா மாதிரி குமிழி ஓடுகிறது. பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், டேங்க் பைப்பும் ஹோஸும் சேருகிற இடம். கிளிப்புக்கு அடியில் ரப்பர் காய்ந்து, மயிரிழை வெடிப்பு. புது டீசல் ஹோஸ், இரண்டு கிளிப், ஃபில்டர் மூட்டுக்குச் செப்பு வாஷர்... மொத்தம் 260 ரூபாய். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுத்து, முடுக்கினோம்.

உடனே ஸ்டார்ட் ஆனது. மாமா கைதட்டினார். நான் தட்டவில்லை. சூடான வண்டி சொல்லும் சாட்சி செல்லாது! ராத்திரி மேட்டிலேயே நிற்க வைத்து, விடிகாலையில் கைப் பம்ப்பைத் தொடாமல் சாவியைத் திருப்பினோம். எடுத்தது. அதற்குப் பிறகுதான் நானும் தட்டினேன்.

வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்குக் கல்... மூன்றும் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். துணியை டீசலில் நனைத்துப் பற்றவைத்து ஏர் ஃபில்டர் முன்னால் காட்டுகிற வித்தை வேண்டாம். எஞ்சினோடு மீசையும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் உள்ளேயே வெடிக்கலாம். முக்கியமாக, இந்தக் கைவேலையெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்குத்தான். காமன் ரெயில் வண்டியில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம். பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

எது மக்கர் பண்ணினாலும் 'எப்போ மக்கர்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். 'எப்போ மக்கர் பண்ணலை?' என்று கேளுங்கள். துப்பு அதில்தான் இருக்கும், பணமும் அதில்தான் மிச்சம்.

இதை அத்தையிடம் சொன்னேன். செயினைச் சரிசெய்துகொண்டே மாமாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானும் முப்பது வருஷமா யோசிக்கிறேன் மாப்ளே... மக்கர் பண்ணாத நாள் ஒண்ணுகூட ஞாபகம் வரமாட்டேங்குதே!"