வருத்தக்காரருக்கு வேற சட்டி வேணாம்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று மருந்து குடிக்கிற ஒருவர் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். எங்கட ஊரில் அப்படி ஒருவர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன வருடம் ஒரு நாள் காலை, முதலாம் பாடம். தரம் 8 பொடியன் ஒருவன் கொப்பியை நீட்டிக்கொண்டே சொன்னான்: "டீச்சர், ராத்திரி உங்கட வாப்பாவக் கண்டன். கொத்துக் கடைக்குள்ள இருந்தார்."

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கு ஓடவில்லை. ஏனென்றால் அதே இரவு மஃரிபுக்குப் பிறகு, நான்தான் வாப்பாவுக்குச் சாப்பாடு வைத்திருந்தேன். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த இரண்டு கோழித் துண்டு, ஒரு கரண்டி சோறு, அவித்த கரட். "போதும் மகள்" என்று பாதியில் எழும்பி, இஷாவுக்குப் போனவர்தான்.

எங்கட பக்கத்து வழக்கப்படி உம்மாவும் வாப்பாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். வாப்பா வட்டைக்காரர். நாற்பது வருடத்துக்கு மேல் வயலில் நின்ற மனிசன். விடியச் சோறும் மீனாணமும் தின்றுவிட்டுப் போனால் பொழுதுபடத்தான் வருவார். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரியில் போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் உம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, சாப்பாட்டைப் பற்றி விளக்கமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் செய்தது இதுதான். அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்று எங்களுக்கு: எண்ணெய் மிதக்க, தலைப்பால் விட்ட கோழிக் கறி. மற்றது வாப்பாவுக்கு: கொச்சிக்காய் இல்லை, மசாலா இல்லை, வெள்ளையாக அவித்த கோழி. பீங்கான் வேறு, கோப்பை வேறு. சாப்பிடுகிற நேரமும் மெல்ல மெல்ல வேறாகிவிட்டது. எங்கட கறியின் மணம் அவருக்கு ஆசையைக் கிளப்பும் என்று, அவருக்கு முதலே கொடுத்து முடித்துவிடுவோம். அதைப் பெரிய கவனிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குப் பாடசாலை விட்டு வந்து கேட்டேன்: "வாப்பா, கொத்து அவ்வளவு ஆசையா?" எனக்குக் கோபம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்க எண்டா எல்லாருக்கும் வெக்கிற சாப்பாட்டத்தான் மகள் எனக்கும் வெக்கிறாங்க."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அன்று இரவு உம்மாவோடு இருந்து டொக்டர் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எண்ணெயைக் குறையுங்கள். உப்பைக் குறையுங்கள். தேங்காய்ப் பாலைக் குறையுங்கள். கோழியின் தோலை எடுத்துவிடுங்கள். சோற்றின் அளவைப் பாருங்கள். இவ்வளவுதான். கொச்சிக்காயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கொச்சிக்காயை நிப்பாட்டியது நாங்கள். "வருத்தக்காரருக்கு உறைப்பு ஆகாது" என்பது எங்கட அடுப்படிச் சட்டம். அடுத்த கிளினிக்கில் நேரே கேட்டேன். வயிற்றுப் புண், நெஞ்செரிவு இல்லையென்றால் அளவோடு போடலாம், எண்ணெயையும் உப்பையும் கவனியுங்கள் என்றார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கல்வியியல் கல்லூரியில் போசணை பற்றிப் படித்துப் பரீட்சையும் எழுதியவள். இருந்தும் என் வீட்டுச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் (பச்சையாக நிறுத்தால்) புரதம் 22, 23 கிராம் வரும். கொழுப்பு 2, 3 கிராம்தான். அதே அளவு தொடையைத் தோலோடு எடுத்தால் கொழுப்பு 15 கிராம் பக்கம் போய்விடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு, 120 கலோரி. எங்கட கறிக்கு எத்தனை கரண்டி விடுகிறோம்? போத்தலைச் சரிப்பதுதான், அளப்பதில்லை. அதற்கு மேல் தலைப்பால். கட்டியாகப் பிழிந்த பாலில் ஒரு கோப்பையிலேயே நாற்பது கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கலாம். இத்தனைக்கும் நடுவே அந்த இரண்டு கரண்டி கொச்சிக்காய்த் தூளில் என்ன இருக்கிறது? சொல்லும்படியான கொழுப்பு இல்லை, சீனி இல்லை, உப்பு இல்லை. குற்றவாளிகள் எல்லாரையும் சட்டிக்குள் வைத்துக்கொண்டு, சாட்சிக்காரனைப் பிடித்து மறியலில் போட்ட கதைதான் எங்கட கதை.

என்னைக் கேட்டால் எண்ணெயும் உப்பும் குறைந்த சமையலுக்கு உறைப்புத்தான் பெரிய உதவி. உறைப்பும் கொஞ்சம் புளிப்பும் இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரிவதில்லை. இது எங்கட வீட்டில் பார்த்தது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. அதற்குள் நிற்க வேண்டுமென்றால் கறிக்கு வேறு ஏதாவது ருசி வேண்டும்தானே?

சரி, இப்போது எங்கட வீட்டுச் சட்டி. ஒரு சட்டிதான், எல்லாருக்கும்.

ஒரு கிலோ கோழி. கடையிலேயே தோலை உரித்து, நெஞ்சைத் தனியாகவும் எலும்புத் துண்டுகளைத் தனியாகவும் வெட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தயிர், அரைத் தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் மஞ்சள், ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பு போட்டுப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். தயிருக்குத்தான் எங்கட மாகாணத்தில் குறைவில்லையே.

எட்டுப் பத்துச் செத்தல் கொச்சிக்காய், இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி, ஒரு தேக்கரண்டி சின்னச்சீரகம், அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு. எண்ணெய் இல்லாமல் இளஞ்சூட்டில் வறுத்துத் தூளாக்குங்கள். நெருப்புக் கூடினால் கருகிக் கைத்துப்போகும். கவனம்.

சட்டியில் ஒரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். அளந்து விடுங்கள். வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை வதங்கட்டும். சட்டி அடிபிடிக்கப் பார்த்தால் எண்ணெய் விட வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பிறகு சட்டியை இறக்கிவைத்து, அந்தச் சூட்டிலேயே தூளைப் போட்டுக் கிளறுங்கள். கொச்சிக்காயின் உறைப்புச் சத்து எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் அந்த ஒரு கரண்டி எண்ணெயே உறைப்பையும் மணத்தையும் கறி முழுக்கக் கொண்டுபோகும். உறைத்தால் தண்ணீர் குடித்து ஆறாததும், ஒரு வாய் தயிரில் ஆறுவதும் இதனால்தான்.

இனி எலும்புத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆணத்துக்கு ருசி அந்த எலும்பில் இருந்துதான் வரும். நெஞ்சிறைச்சியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்தான் போட வேண்டும். "நெஞ்சிறைச்சி சக்கை மாதிரி" என்று நாங்கள் ஒதுக்குவதற்குக் காரணம், எலும்போடு சேர்த்து முக்கால் மணித்தியாலம் கொதிக்க வைப்பதுதான். கொழுப்புக் குறைந்த இறைச்சி சீக்கிரம் வேகும், சீக்கிரம் காயும். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் வெந்திருந்தால் இறக்குங்கள். பால் வேண்டுமென்றால் அரைக் கோப்பை கடைப்பால். தலைப்பால் இல்லாமல் எப்படி என்று முதல் வாரம் எல்லாரும் கேட்டார்கள். இரண்டாம் வாரம் யாரும் கேட்கவில்லை.

கடையில் விற்கிற சூப் கட்டியைப் போடாதீர்கள். அதில் பெரும் பங்கு உப்புத்தான். பக்கற் மசாலா வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பி உப்புச் சேர்த்திருக்கிறதா என்று வாசியுங்கள்.

இதற்கு எங்கட ஆக்கள் சொல்லும் மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

"ஒருவருக்கு வருத்தம் என்றதற்காக வீட்டில் எல்லாரும் பத்தியம் தின்னவா?" இது பத்தியம் இல்லை. உறைப்பான கோழிக் கறி. அடுத்தது, வாப்பாவுக்கு வந்த வருத்தம் எனக்கும் என் நானாவுக்கும் வராது என்று யார் எழுதித் தந்தார்கள்? நீரிழிவு பரம்பரையில் ஓடக்கூடியது. ஒரே சட்டியில் தின்று வளர்ந்த குடும்பம் வேறு. அவருக்குக் கூடாது என்று டொக்டர் சொன்ன எண்ணெய், என் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்தா?

"நேரம் எங்கே டீச்சர்?" நானும் ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்கிறவள்தான். தூளைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரம் படாத போத்தலில் போட்டு வைப்பேன். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மற்றது, இரண்டு சட்டி வைத்ததை விட ஒரு சட்டிக்கு நேரம் குறைவு. எங்கட இவர் வெள்ளிக்கிழமைகளில் கோழியை வெட்டிப் பிரட்டிவைக்கப் பழகிவிட்டார். ஆண்கள் சட்டியைத் தொட்டால் வீடு இடிந்துவிடாது என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

"விருந்துக்கு இப்படி ஆக்கேலுமா?" கல்யாண வீட்டை நான் திருத்தப் புறப்படவில்லை. ஆனால் எங்கட விருந்தில் எது அழகு? சஹன். ஒரே சஹனைச் சுற்றி ஆறு பேர். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில், வீட்டுக்குள்ளே வருத்தக்காரரை மட்டும் தனிப் பீங்கானோடு மூலையில் இருத்துவது எந்த வழக்கம்? வயிற்றை மூன்றாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்லும் ஹதீஸ் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது வருத்தக்காரருக்கு மட்டும் சொன்னதில்லையே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. வயிற்றுப் புண், நெஞ்செரிவு, மூலம் உள்ளவர்களுக்கு உறைப்புக் கூடாமல் போகலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கோழி எவ்வளவு தின்னலாம் என்பதையும் கேட்டுத்தான் தின்ன வேண்டும். கறியை மாற்றிவிட்டு மருந்தை நிப்பாட்டவே கூடாது. சீனி உள்ளவருக்குக் கோழியை விடச் சோற்றின் அளவுதான் பெரிய விசயம். அதையும் எங்கட வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் குறைத்தோம். வாப்பாவுக்கு ஒரு கரண்டி, எங்களுக்கு மூன்று கரண்டி என்றால் அதுவும் வேற பீங்கான்தான்.

வாப்பாவின் வருத்தம் எல்லாம் கறியால் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மருந்து அதே மருந்துதான், கிளினிக் அதே கிளினிக்தான். கொத்துக் கடைக்கு இப்போதும் போவார், மாதத்தில் ஒரு தடவை. ஆனால் சொல்லிவிட்டுப் போகிறார், பேரனையும் கூட்டிக்கொண்டு. மற்ற நாட்களில் எங்களோடு இருந்துதான் சாப்பாடு. நேற்று ஒரு வாய் வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்துக் கேட்கிறார்: "என்ன, இண்டைக்குக் கொச்சிக்காய் காணாதே?"

மூன்று வருடத்துக்குப் பிறகு வாப்பா சாப்பாட்டில் குறை பிடிக்கிறார். எனக்கு அது சந்தோசமாக இருந்தது.

உங்கட வீட்டில் தனிச் சட்டி ஒன்று அடுப்பில் இருந்தால், இன்றைக்கு இரவு ஒரு தடவை யோசியுங்கள். அடுத்த முறை கிளினிக்குக் கூட்டிப் போகும்போது, "இவர் என்ன தின்னக்கூடாது?" என்று மட்டும் கேட்காமல், "நாங்கள் எல்லாரும் சேர்ந்து என்ன தின்னலாம்?" என்றும் கேளுங்கள்.

வருத்தத்தில் இருக்கிற எல்லாருக்கும் அல்லாஹ் சுகத்தைக் கொடுப்பானாக. வாப்பாவுக்கும் துஆ செய்யுங்கள். உங்கட வீட்டில் எண்ணெய் குறைத்து ருசியாக ஆக்குகிற முறை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். மீனுக்கும் ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.